மணி ஒலிக்கும் வேளையில்



திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது ரமணாசிரமம். அமைதியை நாடி உலகின் பல திசைகளினின்றும் அங்கு வருவோர் முதலில் காண்பது கால ஒழுங்கையே. குறித்த வேளையில் வேதபாராயணம். குறித்த வேளையில் உணவு. ரமணரும் விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையற்கட்டில் காய்கறி நறுக்கியவர். பந்தியில் எல்லாருக்கும் இடுவதையே தமக்கும் இட வேண்டும் என்றவர். மௌனத்துக்குப் பேர்போன அவ்விடத்தில், மௌனத்தைத் தாங்கி நின்றது ஒழுங்கேயாம்.

பிற சமயத்தார் வாழ்வில் காணும் நன்மையைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. அதற்கு முன்பே, 1949 ஜனவரியில், இரு கத்தோலிக்கக் குருக்கள் அந்த ஆசிரமத்தை நாடி வந்தனர். ஒருவர் மோன்சானின் அடிகளார். மற்றவர் பின்னாளில் சுவாமி அபிஷிக்தானந்தர் எனப் பெயர்பெற்ற லெ சோ அடிகளார். இவர் 1929-இல் பிரான்சு நாட்டில் புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்து, அத்துறவு நெறியில் பயின்று, 1948-இல் இந்தியா வந்தவர். 1950 மார்ச் 21 அன்று, அக்காலத்தில் புனித ஆசீர்வாதப்பர் திருநாளாக விளங்கிய அதே நாளில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் இவ்விருவரும் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினர். 1952 முதல் லெ சோ அடிகளார் அண்ணாமலையின் குகைகளிலும் பலமுறை தனித்துத் தங்கினார். குகைக்குள் மணியடிப்பவர் யாருமில்லை. ஆயினும் மடத்து மணிக்குப் பல்லாண்டு பழகிய உள்ளத்துக்கு அத்தனிமை கைகூடிற்று. ஒழுங்கறியாதவனைக் குகையில் விட்டால் அவன் உறங்குவான், அன்றேல் ஓடிவிடுவான்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய சட்டநூல் 73 அதிகாரங்களே கொண்டது. கடுமையான சுமை எதையும் சுமத்த விரும்பவில்லை என்று அவர் முகவுரையிலேயே கூறிவிடுகிறார். செப மணி கேட்டதும் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டு எழ வேண்டும் என்பது ஒரு விதி. தொலைவில் வயலில் இருப்போரும் வழிப்பயணம் செய்வோரும் அவ்வேளையில் தாம் இருக்கும் இடத்திலேயே செபிக்க வேண்டும் என்பது மற்றொன்று. சங்கீதங்களை ஓதும் வரிசையை விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாரத்துக்குள் 150 சங்கீதங்களையும் ஓதி முடிக்க வேண்டும் என்றும் கூறுகிறார். முறை வளையலாம், முறையே இல்லாது போகலாகாது என்பதே இதன் கருத்து.

இனி நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். தவக்காலத்தில் மாமிசம் விலக்குகிறோம். வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்கிறோம். தேர்வு நெருங்கினால் நவநாள் தொடங்குகிறோம். ஏனைய நாள்களில் செபமாலை ஆணியில் தொங்குகிறது. நம் பக்தி காட்டாற்றைப் போன்றது. வந்தால் வெள்ளம், வடிந்தால் மணல். வெள்ளத்தைக் கொண்டு பயிர் வளர்க்க இயலுமோ? ஏரியும் மதகும் வாய்க்காலும் வேண்டுமன்றோ?

“மனம் ஒன்றாதபோது வாயால் செபிப்பது வேடமாகாதா, சாமி?” என்று இளைஞர் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. நேர்மையான கேள்வியே. நம் பங்கு மக்களிற் பலர் மாடு வைத்திருப்பவர்கள். விடியுமுன் எழுந்து பால் கறந்து, சங்கத்தில் ஊற்றிவிட்டே மறுவேலை பார்க்கிறார்கள். இன்று மனமில்லை என்று எவரும் கறக்காது விடுவதில்லை. விட்டால் மடி கட்டிக்கொள்ளும். நாளடைவில் பாலும் வற்றும். விருப்பமின்றி எழுந்தாலும் அது வேடமன்று. தன்னை நம்பியிருக்கும் உயிரின்மேல் கொண்ட கடமையுணர்வு. செபமும் அத்தகையதே. உணர்ச்சி வரும், போகும். வேளை தவறாது இறைவன்முன் முழந்தாளிடுவது அன்பின் உறுதி. தானியேல் அந்நிய நாட்டிலும், அரச தண்டனைக்கு அஞ்சாமல், நாள்தோறும் மும்முறை முழந்தாளிட்டார். நம் ஆண்டவரும் இருள் பிரியுமுன் எழுந்து தனிமையான இடத்தில் செபித்தார் என்று மாற்கு கூறுகிறார்.

ஆதலால் சிறியதொரு முறையை வகுத்துக்கொள்வோம். காலையில் கைப்பேசியைத் தொடுமுன் சிலுவை அடையாளம். நண்பகலில் வயலிலோ பேருந்திலோ அலுவலகத்திலோ இருக்கும் இடத்திலேயே மூவேளைச் செபம். இரவில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் குடும்பச் செபம். ஐம்பத்து மூன்று மணியும் இயலாவிடின் ஒரு தேவ இரகசியமேனும். உறங்குமுன் புனித இஞ்ஞாசியார் வலியுறுத்திய ஆன்ம சோதனை. மொத்தத்தில் அரைமணி நேரமும் ஆகாது.

தந்தையருக்கு ஒரு சொல். ஒழுங்கு என்பது பிள்ளைகளை அதட்டும் கோலன்று. முதலில் முழந்தாளிட வேண்டியவர் நீங்களே. பல இல்லங்களில் எல்லாரும் செபிக்கும்போது தாய் மட்டும் அடுப்படியில் நிற்கிறாள்; அங்கிருந்தபடியே மறுமொழி சொல்கிறாள். ரமணர் காய் நறுக்கினார். ஆசீர்வாதப்பரின் துறவிகளும் முறைவைத்துச் சமைத்தார்கள். நம் வீட்டு ஆண்மக்கள் பாத்திரம் கழுவினால் குறைந்துவிடுவார்களோ? வேலையைப் பகிர்ந்து முடித்து, தாயும் அமர்ந்தபின் செபமாலையைத் தொடங்குங்கள். அவளை விட்டுவிட்டுச் செய்யும் செபம் எப்படிக் குடும்பச் செபமாகும்?

ஒருநாள் தவறினால் மனம் தளர வேண்டாம்; தவறியதை ஈடுசெய்ய மறுநாள் இருமடங்கு செபிக்கவும் வேண்டாம். மறுநாள் அதே வேளையில் மீண்டும் கூடுங்கள், அதுவே போதும். இன்றிரவே குடும்பமாக அமர்ந்து எந்த நேரம் என்று முடிவு செய்யுங்கள். அந்நேரம் இறைவனுக்குரியதாகட்டும்.