சுவரிற் பிளவும் நிலத்திற் பிணியும்

வீட்டுச் சுவரிற் பிளவு கண்டால் கொத்தனை அழைத்துச் சாந்து பூசுவித்து, வெள்ளையடித்து, கவலையற்றிருப்பது உலக வழக்கம். அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் இவ்வழக்கம் உயிர்க்கே கேடாய் முடிதலுங் கூடும். பாறையின்மேற் கட்டிய வீடு நிலைக்குமென்று வேதத்திற் படித்த நமக்கு வியப்பாயிருப்பினும், அங்கே கரைவது பாறையே. அது சுண்ணாம்புக்கல். மண்ணூடே இறங்கும் மழைநீர் கரியமிலவாயுவை ஏற்றுப் புளிப்படைந்து கல்லை அரிக்கின்றது. கல்லிற் குடைவுண்டாக, மேலுள்ள மணல் சிறிது சிறிதாய் அதனுட் சரிகின்றது.

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி இரவு, டாம்பா நகருக்கு அணித்தான செப்னர் என்னும் ஊரில், உறங்கிக் கொண்டிருந்த ஒருவரை அவர் படுக்கையறையிலேயே நிலம் விழுங்கிற்று. அவர் உடல் அகப்படவேயில்லை. வீட்டை இடித்துக் குழியைச் சரளைக்கல்லால் நிரப்பினர். 2015-லும் 2023-லும் அக்குழி மீண்டும் வாய் திறந்தது.

எல்லாப் பிளவும் இத்தகையதன்று. களிமண் உலர்ந்து சுருங்கினும், புதைந்த குப்பை மக்கினும், குழாய்நீர் கசியினும் சுவர் பிளக்கும். ஆதலின் ஆராய்ச்சி முந்த வேண்டும். ரேடார் அலைகளையும் மின்சாரத்தையும் நிலத்துட் செலுத்தி, ஐயத்துக்குரிய இடங்களை முதலிற் குறிப்பர். பின் அங்கே துளையிட்டு, 140 ராத்தல் சம்மட்டியை 30 அங்குல உயரத்தினின்று விழவிட்டு, மாதிரிக்குழாய் 12 அங்குலம் இறங்க எத்தனை குத்து வேண்டுமென எண்ணுவர். குத்தாமலே தன் பாரத்தாற் குழாய் இறங்கினாலும், துளையில் விட்ட நீர் திரும்பாது மறைந்தாலும், பிணியிடம் அதுவென ஐயுறலாம். அதன்பின் பாறைமட்டும் குழாய் இறக்கி, கெட்டியான சிமெண்டுக் கலவையை அழுத்தத்தோடு செலுத்தி, அடியினின்று மேலாக மண்ணை இறுக்குவர். உருக்குத் தூண்களால் அஸ்திவாரத்தைத் தாங்குவதும் உண்டு. அது கட்டடத்தைத் தாங்குமேயன்றி மண்ணைக் குணப்படுத்தாது.

இன்ஷியூரன்ஸ் பணத்தைப் பெற்று வீட்டைச் செப்பனிடாது விட்டோர் அங்குப் பலர். 2011-இல் இயற்றிய சட்டம், நட்டத்தைக் கம்பெனி ஒப்பிய 90 நாளுக்குள் செப்பனிடும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டுமென விதித்தது. ‘வீடு எனது, பணமும் எனது’ என்பாரை யாம் ஒப்போம். அவ்வீட்டைப் பின்னர் அறியாது வாங்கி, அச்சுவரருகே தொட்டில் கட்டுவோர் யாரோ!

ஆயினும் அச்சட்டமுறை ஏழைக்கு நீதியானதென்று சொல்லத் துணியேம். சாதாரண பாலிசி, நிலம் திடீரென இடிந்து, குடியிருக்கத் தகாதென அரசாங்கத்தார் வெளியேற்றும் வீட்டுக்கே ஈடளிக்கும். அதனிற் குறைந்த சேதத்துக்குத் தனிக்கட்டணம் செலுத்தல் வேண்டும். செலுத்த இயலாதவன் மறுபடியும் கொத்தனையே நாடுவான். துளையிட்டுச் சோதிக்குஞ் செலவையேனும் சாதாரண பாலிசியிற் சேர்க்குமாறு சட்டஞ் செய்தல் வேண்டுமென்பதே எமது கருத்து.