ஒரு பைசா மிச்சம்

வாட்ஸ்அப்பில் கொஞ்ச நாளாக ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு எதற்கு 234 எம்.எல்.ஏ.க்கள், நூறு பேர் போதாதா, மீதிப் பேருக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்தால் மாநிலத்தின் கடனையே அடைத்துவிடலாமே என்று. இதை அதிகம் அனுப்புகிறவர்கள் நம் வயதுக்காரர்கள்தான். கீழே கைதட்டும் பொம்மைகள் வேறு. கருவூலத்தில் முப்பது வருஷம் பில் பார்த்தவனுக்கு இதைச் சும்மா விட மனசு வரவில்லை. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

2017 ஜூலையில் எம்.எல்.ஏ. சம்பளத்தை, படிகளையும் சேர்த்து, மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தச் சமயத்தில் நம் விவசாயிகள் டெல்லியில் போராடிக்கொண்டிருந்தார்கள். ஊரே கொதித்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபம் வேறு, கூட்டல் வேறு. 1,05,000 வீதம் 12 மாதம், 234 பேர். மொத்தம் 29 கோடியே 48 லட்சம். முப்பது கோடி என்றே வைத்துக்கொள்வோம். மாநில அரசின் ஓர் ஆண்டுச் செலவு 3 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்படியானால் அரசு செலவழிக்கும் நூறு ரூபாயில் இவர்கள் அத்தனை பேரின் சம்பளமும் சேர்ந்து ஒரு பைசா. 134 பேரை வீட்டுக்கு அனுப்பினால் மிச்சம் அரைப் பைசா சொச்சம்.

பயணப்படி, விடுதி, மருத்துவச் செலவு, பேரவைச் செயலகத்தின் செலவு எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். சரி, ஐந்து மடங்காகவே வையுங்கள். ஐந்து பைசா. கடனுக்கு மாநிலம் கட்டும் வட்டி மட்டும் இப்போது வருஷத்துக்கு 50,000 கோடிக்கு மேல். ஒரு நாளைக்கு 137 கோடி. எம்.எல்.ஏ.க்களின் முழு வருஷச் சம்பளம் அந்த வட்டியில் ஐந்து மணி நேரத்துக்குக் காணும். கடனை அடைக்கப் போகிறார்களாம்!

தொகுதி மேம்பாட்டு நிதியையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். தொகுதிக்கு 3 கோடி, மொத்தம் 702 கோடி. அது எம்.எல்.ஏ.யின் சட்டைப் பைக்குப் போகிற பணமில்லை. பள்ளிக்கூடச் சுவர், சிமெண்ட் ரோடு, குடிநீர்த் தொட்டி என்று வேலையாக வருகிற பணம். தொகுதியைக் குறைத்தால் அந்தச் சுவருக்கும் ரோட்டுக்கும் தேவை இல்லாமல் போய்விடுமா? இன்னொன்று, வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பென்ஷன் உண்டு. மேல்சபை ஒழிந்த பிறகும் முன்னாள் எம்.எல்.சி.க்களுக்குப் பென்ஷன் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆளைக் குறைத்த அன்றே செலவு நின்றுவிடாது என்பது கருவூலத்தில் உட்கார்ந்தவர் எல்லாருக்கும் தெரியும்.

மேல்சபை என்றதும் நினைவுக்கு வருகிறது. சபையைச் சுருக்கிப் பார்த்த அனுபவம் நமக்கே இருக்கிறதே. 63 உறுப்பினர்கள் இருந்த சபை அது. ம.பொ.சி. கடைசித் தலைவர். 1986 மே மாதம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது, நாடாளுமன்றம் சட்டம் செய்தது, நவம்பர் 1-ஆம் தேதியோடு கதை முடிந்தது. மேல்சபை வெட்டிச் செலவு என்று பேசியவர்கள் அன்றும் உண்டு. அந்த 63 பேரின் செலவு மிச்சமானதால் எந்த வரி குறைந்தது, எந்த ஊருக்கு ஒரு பஸ் கூடுதலாக வந்தது என்று யாராவது சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

ஆனால் வேறு சிலது நடந்தது. மேல்சபையில் மூன்றில் ஒரு பங்கு இடம் உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுப்பது. அந்த 1986 பிப்ரவரியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.க. பெருவாரியான நகராட்சிகளைப் பிடித்திருந்தது. போதாக்குறைக்குக் கலைஞரே அப்போது மேல்சபை உறுப்பினர். ஒரு நடிகையின் நியமனத்தில் எழுந்த சிக்கலைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் உள்ளாட்சிக் கணக்கையும் சேர்த்துச் சொல்வேன். பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் இருந்த இடங்களும் அத்தோடு போயின. அடுத்த உள்ளாட்சித் தேர்தலோ 1996-ல்தான் வந்தது என்பதையும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பட்டவர்த்தனமான உதாரணம் பக்கத்து ஆந்திரத்தில். அங்கே 1985-ல் என்.டி.ஆர். மேலவையை ஒழித்தார், 2007-ல் அது திரும்பி வந்தது. 2020 ஜனவரியில் ஜெகன்மோகன் ரெட்டியின் மூன்று தலைநகர் மசோதாக்களை, தெலுங்கு தேசம் பெரும்பான்மையாக இருந்த மேலவை, தேர்வுக் குழுவுக்கு அனுப்பி வைத்தது. ஐந்தே நாளில் மேலவையை ஒழிக்கப் பேரவையில் தீர்மானம். வருஷத்துக்கு 60 கோடி ரூபாய் வீண் என்றார் முதலமைச்சர். ஆந்திரத்தின் அந்த வருஷ பட்ஜெட் 2 லட்சத்து 27 ஆயிரம் கோடி. நூறு ரூபாய்க்கு இரண்டரைப் பைசா. 2021 நவம்பரில் அதே அரசு தீர்மானத்தை வாபஸ் வாங்கியது. இடையில் மேலவையில் அவர்கள் கட்சியின் பலம் கூடியிருந்தது. அந்த 60 கோடி அதற்குப் பிறகு வீண் செலவாகத் தெரியவில்லை போலும்.

மேல்சபையைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. பண மசோதாவைப் பதினான்கு நாள் வைத்திருந்து கருத்துச் சொல்லலாம் என்பதற்கு மேல் பட்ஜெட்டில் அதற்கு அதிகாரம் கிடையாது. 2010-ல் 78 பேரோடு அதை மீட்கச் சட்டமே வந்தது. பட்டதாரி வாக்காளர் பட்டியல்கூடத் தயாரித்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்று புதுத் தீர்மானம். போவதும் வருவதுமாக நாம் செலவழித்ததை யாரும் மிச்சக் கணக்கில் கழிப்பதில்லை.

பணத்தைக் கேள்வி கேட்கும் இடம் பேரவைதான். பட்ஜெட்டில் ஐம்பதுக்கு மேல் மானியக் கோரிக்கைகள். ஒவ்வொன்றையும் சபையில் விவாதித்து நிறைவேற்ற வேண்டும். அது போக பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, உறுதிமொழிக் குழு. வெளியில் இருப்பவர்களுக்கு இவை வெறும் பெயர்கள். எங்களுக்கு அப்படியில்லை. ஓர் ஆடிட் பாரா பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது என்று தெரிந்தால் வருஷக்கணக்கில் தூங்கிய ஃபைல் தானாக எழுந்து நடக்கும். துறைச் செயலாளரே குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஒரு பாராவில் சிக்கும் தொகை சில சமயம் ஒரு வருஷத்து எம்.எல்.ஏ. சம்பளத்தை விழுங்கிவிடும்.

இந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டாமா? அரசியல் சட்டப்படி அமைச்சர்கள் பேரவையின் பலத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 234-க்கு 35 பேர். அவர்களையும் சபாநாயகர், துணை சபாநாயகரையும் கழித்தால் 197 பேர் மிச்சம். சபையை நூறாக்கினால் 83. அமைச்சர் குறைவாரே, அது லாபம்தானே என்று கேட்கலாம். அமைச்சர் குறைவார், துறைகள் குறையாது. அதே ஐம்பது சொச்சம் கோரிக்கைகள், அதே குழுக்கள், அதே ஆடிட் பாராக்கள், பாதிக்கும் குறைவான கண்கள். வாட்ஸ்அப் கணக்கில் இந்த வரி இல்லை.

"இருக்கிறவர்கள் மட்டும் கேள்வியா கேட்கிறார்கள்? தலைவரைப் புகழ்ந்து கவிதை வாசிக்கிறார்கள்" என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மை. பத்து நிமிஷம் பேசக் கிடைத்தால் ஏழு நிமிஷம் துதி. ஆனால் நூறு பேர் ஆனால் துதி நின்றுவிடுமா? சிறிய சபையில் ஆளைப் பிடித்து வைப்பது இன்னும் சுலபம். 2017-ல் கூவத்தூரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை அடைத்து வைக்க வேண்டியிருந்தது. நூறு பேர் சபையென்றால் 51 பேர் போதும், ஒரு சின்ன லாட்ஜே காணும். புதுச்சேரியைப் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். 2021-ல் ஆறு பேர் ராஜினாமா செய்ததும் ஆட்சியே போய்விட்டது.

இன்னொரு விஷயம். சபையை யாரும் குறைக்கவில்லை என்று நினைக்கிறோம். அது தானாகவே பாதியாகிவிட்டது. 234 என்ற எண் 1967-லிருந்து அசையவில்லை. 1971-ல் தமிழ்நாட்டு ஜனத்தொகை 4 கோடியே 12 லட்சம், ஓர் எம்.எல்.ஏ.வுக்கு 1 லட்சத்து 76 ஆயிரம் பேர். 2011-ல் 7 கோடியே 21 லட்சம், ஓர் எம்.எல்.ஏ.வுக்கு 3 லட்சத்து 8 ஆயிரம். கேரளத்தில் 140 பேர், ஒருவருக்கு 2 லட்சத்து 39 ஆயிரம்தான். நம்மிடம் 1971-ன் விகிதம் இருக்க வேண்டுமானால் இன்று 409 உறுப்பினர்கள் வேண்டும். இதில் நூறாகக் குறைத்தால் தலைக்கு 7 லட்சத்துக்கு மேல். பட்டா மாறுதலுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனுவோடு போகிற நம் ஊர்க் கிழவி அந்த ஏழு லட்சத்தில் எத்தனையாவது ஆளாக நிற்பாள்?

2020 ஜனவரி வரை ஆங்கிலோ இந்தியர் ஒருவரை நியமிக்கச் சட்டத்தில் இடமிருந்தது, அவரோடு சேர்த்து 235 பேர் சபை. அந்த ஒரு நாற்காலியும் போனது. பட்ஜெட்டில் எந்த மூலையிலும் அது தெரியவில்லை, அந்தச் சமூகத்துக்கு மட்டும் தெரிந்தது.

செலவைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிறவர்கள் கேட்க வேண்டியது சபை நாட்களை. ஆண்டுக்கு 100 நாள் பேரவையைக் கூட்டுவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. நூறை எட்டிய வருஷம் ஒன்றுகூட இல்லை. கூடுகிற நாட்களிலும் ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளின் மானியக் கோரிக்கைகளை முடித்து அனுப்புகிறார்கள். பல ஆயிரம் கோடி ரூபாய் சாயங்காலத்துக்குள் கை தூக்கி நிறைவேறிவிடுகிறது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், எத்தனை நாள் சபைக்குப் போனீர்கள், எந்தக் குழுவில் இருந்தீர்கள், அதன் கூட்டங்களில் எத்தனையில் உட்கார்ந்தீர்கள் என்று நான் கேட்கத்தான் போகிறேன். நீங்களும் கேளுங்கள்.