மறதி என்று விட்டுவிடலாமா?

'வயதானால் மறதி சகஜம்' என்று முதியோரின் தடுமாற்றத்தை அலட்சியம் செய்வது பல வீடுகளில் வழக்கம். கண்ணாடியை வைத்த இடம் மறப்பது முதுமை. நித்தம் நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோயின் அறிகுறி. 1906-ல் ஜெர்மன் டாக்டர் அல்சைமர் எடுத்துரைத்த இந்நோயை முற்றிலும் குணப்படுத்த இன்னும் மருந்தில்லை. ஆராய்ச்சி ஒன்றே வழி.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரா கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. 10,000 பேரைச் சேர்ப்பது அதன் இலக்கு. இது பாராட்டுக்குரிய முயற்சி.

ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான முடிவும் கவனிக்கத்தக்கது. ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட, இரு மொழி பேசுவோருக்கு ஞாபகமறதி நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டது. வேலைத்தலத்தில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசுவோருக்கு இது ஆறுதலான செய்தி. ஆனால் தாமதம் வேறு, தடுப்பு வேறு.

படிப்பறியாத மூதாட்டியிடம் புரியாத மொழியில் கேள்வி கேட்டால், விடை வராதது மறதியாலா, மொழியாலா என்று எப்படித் தெரியும்? வெளிமாநிலத் தமிழ் முதியோரைத் தமிழிலேயே சோதிக்க ஏற்பாடு வேண்டும். இத்துறையில் உழைக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் கிடைக்க வேண்டும். மாணவர்கள் பாதியில் விலகினால் பல ஆண்டு உழைப்பு வீணாகும். அவர்கள் வீடு தேடி வந்தால் ஒத்துழைப்பது குடும்பத்தாரின் கடமை.