ஆற்று மீனுக்கு 21 நாள் தனித் தொட்டி

கோடையில் வெலிங்டன் ஏரியும் வெள்ளாற்று மடுவுகளும் வற்றத் தொடங்கினால் வலையில் விரால், குறவை, கெண்டை உயிரோடு கிடைக்கும். அவற்றை டிரம்மில் அள்ளிவந்து பண்ணைக்குட்டையில் கவிழ்ப்பது பல ஊர்களில் நடப்பதுதான். காசு கொடுக்காத குஞ்சு என்ற கணக்கில் தவறில்லை. ஆனால் மீனோடு சேர்ந்து குட்டைக்குள் என்ன போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் போவது மீன் பேன். உளுத்தம்பருப்பை ஒத்த தட்டையான உயிரி. துடுப்படியிலும் செவுள் மூடி ஓரத்திலும் ஒட்டி ரத்தம் உறிஞ்சும். மீன் கரையிலும் கல்லிலும் உடம்பைத் தேய்த்தால் சந்தேகப்படுங்கள். அடுத்தது நூல் துண்டுபோல் தொங்கும் நங்கூரப் புழு. இவை போடும் காயம் வழியாகப் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழையும். 1988-ல் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டிய மீன் புண் நோய் சில ஆண்டுகளில் தமிழ்நாடு வரை வந்துவிட்டது. அதில் அதிகம் அடிபட்டவற்றில் நம் விராலும் ஒன்று.

பேன் பிடித்த பிறகு பயிருக்கு அடிக்கும் மருந்தைக் குட்டையில் ஊற்றுவோர் இருக்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம். டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டிலேயே தடை செய்யப்பட்டது. சைபர்மெத்ரின் வகை மருந்துகள் அளவு சற்றுக் கூடினாலும் மீனைக் கொல்லும். கட்லா தின்னும் நுண்ணுயிர் மிதவைகளையும் அழிக்கும்.

செலவில்லாத வழி முன்னாலேயே இருக்கிறது. பிடித்த மீனை 21 நாள் தனியே வையுங்கள். சிமெண்ட் தொட்டியோ தார்ப்பாய்த் தொட்டியோ போதும். புதுச் சிமெண்ட் தொட்டியைச் சில முறை நீர் நிரப்பி வடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். அதே குட்டைக்குள் வலைக்கூண்டு கட்டி வைப்பது தனிமையே அல்ல, தண்ணீர் ஒன்றுதானே. விரால் துள்ளும், மேலே வலை போடுங்கள்.

தொட்டியில் விடுமுன் உப்புக் குளியல்: 100 லிட்டர் நீருக்கு 2 கிலோ கல் உப்பு, ஐந்து நிமிடம். மீன் சாய்ந்தால் நேரம் பார்க்காமல் உடனே எடுத்துவிடுங்கள். தேளி, கெளுத்தி போன்ற செதிலில்லா மீனுக்குப் பாதி உப்பு போதும். தோலிலும் செவுளிலும் உள்ள நுண் ஒட்டுண்ணிகளுக்கு இது நல்ல மருந்து. பேன் முழுதும் சாகாது, மிஞ்சியதை இடுக்கியால் எடுக்கலாம். குளிப்பாட்டிய உப்பு நீரை வயலில் விடாதீர்கள், நெல்லுக்கு ஆகாது.

ஏன் 21 நாள்? பேன் மீன்மேல் முட்டையிடுவதில்லை. இறங்கிப்போய்க் கல், கம்பு, ஓடு போன்ற கடினப் பரப்பில் வரிசையாக ஒட்டிவைக்கும். நம் வெயிலுக்கு இரண்டு வாரம் போல ஆகும் பொரிக்க. உப்பு முட்டையைத் தொடாது. ஆகவே 15-ஆம் நாள் மீண்டும் ஒரு குளியல் தேவை. இந்தக் குணத்தையே நாம் பயன்படுத்திக்கொள்ளலாம்: தொட்டியில் நாலு ஓட்டுத் துண்டுகளை நிறுத்தி, வாரம் ஒருமுறை எடுத்து ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டால் முட்டை செத்துப்போகும். விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு உடைந்த ஓட்டுக்கா பஞ்சம்? ஏற்கெனவே பேன் வந்த குட்டையிலும் மூங்கில் குச்சி நட்டு இதையே செய்யலாம்.

வலை, வாளி தனித்தனியாக இருக்கட்டும். முடியாவிட்டால் வலையை வெயிலில் நன்கு உலர்த்திவிட்டே அடுத்த குட்டைக்குக் கொண்டுபோங்கள்.

இது ஒருவர் குட்டையோடு நிற்கும் விஷயமும் அல்ல. ஐப்பசி மழையில் குட்டை வழிந்தால் பேனும் வழியும், அடுத்தவர் குட்டைக்கும் குத்தகை ஏரிக்கும். குட்டை வெட்ட மானியம் தரும் அரசு, கூடவே ஒரு சிறு தார்ப்பாய்த் தொட்டிக்கும் வழி செய்ய வேண்டும். அதுவரை, மூன்று நான்கு குட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரே தொட்டி வைத்துக்கொள்வதில் தடையில்லை. ஒருவர் மீன் வெளியேறியதும் தொட்டியை வடித்து, காயவிட்டு, அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.