முதற்சீட்டோடு நின்றுவிட வேண்டாம்

ஆய்வகச் சீட்டில் 'ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்' என்று கண்டவுடன், நோய் உறுதியாகிவிட்டதென்று பல குடும்பங்கள் கலங்குகின்றன. முதலில் செய்யப்படும் விரைவுப் பரிசோதனையும் எலிசாவும் கிருமியைத் தேடுவன அல்ல. அதனை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே தேடுகின்றன. தொற்றுக்குள்ளானோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்க்கு ஆறு மாதங்களுக்குள் சிகிச்சையின்றியே கிருமி நீங்கிவிடுகிறது. அதன் பின்னரும் எதிர்ப்பொருள் நீடிக்கும். கிருமி இன்றும் உடலில் உள்ளதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனையே உறுதி செய்யும்.

இவ்விரு பரிசோதனைகளுக்கும் இடையிலேதான் பலர் விடுபட்டுப் போகின்றனர். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து காஞ்சிபுரத்திற்கோ செங்கல்பட்டிற்கோ மறுமுறை செல்வதென்றால், நோயாளியின் ஒருநாள் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும். உடலில் நோவும் இல்லையெனில், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இக்கிருமி பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் கல்லீரலைச் சிதைக்கவல்லது.

எனவே, நோயாளியை மீண்டும் அலைக்கழிக்காமல், முதல்நாள் எடுத்த இரத்தத்திலேயே இரண்டாம் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் இம்முறையைப் பரிந்துரைத்துள்ளது. காசநோயைக் கண்டறியப் பயன்படும் ட்ரூநாட், ஜீன்எக்ஸ்பர்ட் கருவிகளிலும் இதனைச் செய்ய இயலும். கருவி இல்லாத இடத்தில், இரத்த நீரைப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பலாம். செலவு மிகுமே என்பார்க்கு எங்கள் விடை: முதற்பரிசோதனையில் பாசிட்டிவ் ஆனவர்க்கு மட்டுமே இது தேவைப்படும்.

2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளே போதும். 95 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பரிசோதனையை மீண்டும் செய்து, குணமானதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2002க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் தாமாகவே இப்பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். உடன் உண்பதாலோ தொட்டுப் பழகுவதாலோ இந்நோய் பரவாது. ஆதலால் வீட்டில் எவரையும் ஒதுக்க வேண்டா. சவரக்கத்தியையும் பல்துலக்கியையும் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்ற சீட்டு கைக்கு வரும்போது, "ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பியாயிற்றா?" என்று மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை.