சோம்பலுக்குப் பின்னால் இருக்கும் பயம்

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிப் பொறியியல் கல்லூரிக்கு வந்த மாணவர் இரண்டாம் செமஸ்டருக்குள் மூன்று அரியர் வைக்கிறார். சுமாரான கட் ஆஃபில் வந்தவர் துறையில் முதலாவதாக நிற்கிறார். முன்னவர் சோம்பேறி, பின்னவர் உழைப்பாளி என்று வீட்டிலும் ஸ்டாஃப் ரூமிலும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

முதலில் எதிர்பார்ப்பைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2007-இல் நுழைவுத் தேர்வு நீங்கியபின், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குப் போடும் கட் ஆஃபே பொறியியல் சேர்க்கையைத் தீர்மானிக்கிறது. அதை வைத்தே ஒருவர் கல்லூரியில் எவ்வளவு வாங்குவார் என்றும் கணக்குப் போடுகிறோம். எந்த முன்கணிப்பிலும் பிழை உண்டு. ஒரு தேர்வில் உச்சத்தைத் தொட்டவர்களில் பலர் அடுத்ததில் சற்று இறங்குவது புள்ளியியல் இயல்பு. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் தார்ண்டைக் 1963-இலேயே இதை விளக்கினார். தமிழ் வழியில் படித்தவர் திடீரென ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். எல்லா இறக்கத்தையும் குணத்தின் தலையில் கட்ட முடியாது.

இவற்றைக் கழித்தபின் குணத்துக்கும் பங்கு உண்டு. உளவியல் ஆய்வாளர் ஆர்தர் போரோபாட் 2009-இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஆளுமைக் கூறுகளில் படிப்போடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது பொறுப்புணர்வு: எடுத்த வேலையை ஒழுங்காக, நேரத்தில் முடிக்கும் பழக்கம். பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்ட பிறகும், கல்லூரி மதிப்பெண்ணை முன்கணிப்பதில் அறிவுத்திறன் எவ்வளவு உதவியதோ, அவ்வளவு இதுவும் உதவியது.

அப்படியானால் அந்தப் பழக்கம் உடையவரும் சில நேரம் ஏன் படிக்காமல் இருக்கிறார்? உளவியலாளர்கள் ஸ்டீவன் பெர்க்லாஸும் எட்வர்ட் ஜோன்ஸும் 1978-இல் வெளியிட்ட சோதனையில், பெரும்பாலும் விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, நன்றாகச் செய்ததாக மாணவர்களிடம் சொன்னார்கள். எப்படி வென்றோம் என்று அவர்களுக்கே புரியவில்லை. அடுத்த தேர்வுக்கு முன் திறனைக் கூட்டும் மருந்து, குறைக்கும் மருந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஆண்கள் பெரும்பாலும் குறைப்பதையே கேட்டார்கள். தோற்றால் மருந்தின் மீது பழி போடலாம் அல்லவா?

நம் தேர்வு அறை வாசலில் அந்த மருந்தின் பெயர் “மச்சான், நான் புக்கையே தொடலடா” என்பது. பெயிலானால் படிக்கவில்லை, அவ்வளவுதான். பாஸானால் படிக்காமலே பாஸ். எப்படியும் ‘மூளைக்காரன்’ பட்டம் பத்திரமாக இருக்கும். முழு மூச்சாகப் படித்துத் தோற்றால்தான் அது போகும். அதனால் இப்படிச் சொல்பவர் படிப்பதையே தள்ளிப்போடுகிறார்.

மறுபக்கத்தில் இருப்பவர் ரெக்கார்டு நோட்டில் ஒரு கோடு கோணினால் பக்கத்தையே திரும்ப எழுதுகிறார். வைவாவுக்கு முந்தைய இரவு தூங்குவதில்லை. ரிசல்ட் வந்ததும் அவருக்குக் கிடைப்பது மகிழ்ச்சியைவிட நிம்மதிதான். நன்றாகப் படிக்கும் எல்லோரும் இப்படியில்லை. பாடம் பிடித்துப் படிப்பவருக்கு உழைப்பே தெம்பு தரும். தன் மதிப்பைக் காப்பாற்றப் படிப்பவரை அதே உழைப்பு உள்ளே கரைக்கிறது. அவரிடமும் அரியர் வைத்தவரிடமும் இருப்பது ஒரே பயம்: மார்க் குறைந்தால் நான் ஒன்றுமில்லை.

ஆகவே ஒருவரைத் திட்டுவதும் மற்றவரைப் புகழ்வதும் அந்தப் பயத்துக்கே தீனி போடுகின்றன. படிப்பைத் தள்ளிப்போடுபவருக்கு, செமஸ்டர் தேர்வுக்கு முன்பே சிறு பகுதிகளாகச் செய்து, தப்பைத் திருத்தி, மறுபடி முயல இடம் கொடுங்கள். முயன்று தவறியது குற்றமில்லை என்று அவர் அனுபவத்தில் அறியட்டும். ஓயாமல் படிப்பவரிடம், மார்க் பற்றிக் கேட்பதற்கு முன் சாப்பிட்டாயா, தூங்கினாயா, எந்தப் பாடம் பிடிக்கிறது என்று கேளுங்கள். மதிப்பெண் ஒரு தேர்வின் விடைத்தாளுக்குப் போடப்படுவது, பிள்ளைக்கு அல்ல. இதைப் பெற்றோரும் ஆசிரியரும் ரிசல்ட் வரும் நாளில் நடத்தையில் காட்டினால்தான் மாணவர் நம்புவார்.