சாலைச் சச்சரவு வழக்குகளும் எங்கள் சங்கத்தின் நிலையும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் ஏறுகிற மலைச்சாலை வாகனங்களால் அடைபட்டுப் போவதும், கொழுந்து மூட்டைகளோடு ஆலைக்கு விரைகிற தோட்டத்து லோரிக்காரரும் குடும்பத்தோடு குளிர் காண வந்த பிரயாணியும் ஒரே வளைவில் எதிரெதிரே நின்று, 'நீ பின்னால் எடு' என்று ஆரம்பித்த பேச்சு கைகலப்பாவதும் நாம் காணாதவை அல்ல. அத்தகைய சச்சரவில் குற்றஞ்சாட்டப்பட்டவர் எதிர்வாதம் செய்வதற்குச் சங்கம் உதவலாமா என்ற கேள்விக்கு, உதவவே வேண்டும் என்பது எங்கள் தீர்மானமான அபிப்பிராயம்.

அடித்தவரை ஆதரிப்பதாக இதற்கு அர்த்தமல்ல. 2014-ல் நம் பகாங் மாநிலத்துக் குவாந்தானில், தம் காரை மோதிவிட்ட முதியவரின் காரை ஸ்டீரிங் பூட்டால் அடித்த பெண்மணிக்கு 5,000 வெள்ளி அபராதமும் 240 மணி நேரச் சமூக சேவையும் விதிக்கப்பட்டன. அத்தீர்ப்பில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. எங்கள் கவலை வேறு. லயத்துப் பையன் ஒருவன் போலீசில் மாட்டிக்கொண்டால், 'ஒத்துக்கொள், அபராதத்தைக் கட்டு, நாளைக்கு வேலைக்கு வந்துவிடு' என்று புத்தி சொல்லப் பெரியவர்கள் நாலு பேர் உடனே கூடிவிடுகிறார்கள். அடுத்த வேலைக்கு அவன் மனுப்போடும்போது குற்றப்பதிவு முன்னே வந்து நிற்குமே என்பதை அவர்களில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

காயம் விளைவித்ததற்குத் தண்டனைச் சட்டத்தின் 323-ஆம் பிரிவில் உச்சமாக ஓராண்டுச் சிறை. அதுவே வெட்டுங் கருவியால் என்றாகிவிட்டால், 324-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை போகலாம். லோரி ஆசனத்தின் பின்னால், பிடியெல்லாம் தேயிலைக் கறை ஏறி, சாக்கில் சுற்றிக் கிடக்கும் கவ்வாத்துக் கத்தி தொழிலுக்கு வைத்ததா, சண்டைக்கு எடுத்ததா என்பதை ஒரு வக்கீல் குறுக்கு விசாரணையில் வெளிக்கொணராவிட்டால் வேறு யார் கொணர்வார்? கைப்பேசியில் பிடித்த படமோ பெரும்பாலும் முதல் வசவு முடிந்த பிறகே ஆரம்பிக்கிறது.

கைதின் காரணத்தை அறியவும், வக்கீலைக் கலந்தாலோசிக்கவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் அரசியல் சாசனத்தின் 5-ஆம் ஷரத்து உரிமை தந்திருக்கிறது. வசதியற்ற குடிமக்களுக்காகத் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் இயங்கிவருகிறது. ஆதலால், வக்கீலைக் காணும் முன் எவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தண்டனைச் சட்டம் தற்காப்புரிமையை அங்கீகரிக்கிறது என்பது வாஸ்தவம்; எனினும் திரும்பிப் போகிறவனைத் துரத்திச் சென்று அடித்தது அதில் சேராது. அப்படி அடித்தவருக்கும் சங்கம் வக்கீலைத் தேடித் தரும். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு சாட்சியைத் தேடித் தராது.